ஆளில்லாத கரை எது?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

கடலைக் காணாதவர்கள் கடற்கரையைப் பற்றிக் கனவு காண்பதும், கடலோரத்தில் பிறந்தவர்கள் அதை விட்டு எப்போது போவோம் என்று கனவு காண்பதும் உலக இயற்கை. நான் இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவள். பாம்பன் பக்கம், மன்னார் வளைகுடாவின் கரையில் உள்ள ஒரு சிற்றூர் என் ஊர். என் தாயார் கடற்பாசி எடுப்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். இந்த விவரங்களைப் பெருமைக்காக எழுதவில்லை. பின்னால் சொல்லப்போகும் தவறு ஒன்றை நான் எந்த இடத்தில் நின்று செய்தேன் என்பது வாசகர்களுக்குத் தெரிய வேண்டுமல்லவா?

இன்று மாணவ நண்பர்களிடையே ஒரு மோகம் பரவியிருக்கிறது. கூட்டம் மொய்க்கும் கடற்கரை யாருக்கும் வேண்டாம். யாருக்கும் தெரியாத தீவு வேண்டும். அதில் ஒரு வெள்ளை மணற்கரை வேண்டும். அந்தக் கரையில் நம்மைத் தவிர ஒருவரும் இருக்கக் கூடாது. விடுதியில் இரவு விளக்கணைந்த பிறகு கைப்பேசித் திரைகளில் மாலத்தீவும் பாலியும் அந்தமானும் மின்னிக்கொண்டிருக்கும். என் அறைத்தோழி ஒருத்தி தாய்லாந்தின் தீவுகளை அடுத்த ஊர்ப் பேருந்து நிறுத்தங்களைப் போல வரிசையாகச் சொல்வாள். அவள் திருச்சியைத் தாண்டியதில்லை. நானும் தாண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த ஆசையை நான் பழிக்க மாட்டேன். இரண்டு அறை வீட்டில் ஆறு பேராகவும், ஓர் அறை விடுதியில் எட்டுப் பேராகவும் வாழ்கிறவர்களுக்கு, ஒருவர் கண்ணும் படாமல் அரைநாள் உட்கார்ந்திருக்க ஓர் இடம் வேண்டும் என்று தோன்றாமல் வேறு என்ன தோன்றும்? பெண்களுக்கு அந்த ஆசை இன்னும் நியாயமானது. ஆனால் அதை யாரைக் கேட்டுக்கொண்டு நிறைவேற்றிக்கொள்வது? போன இடத்தில் எப்படி நடந்துகொள்வது? இவற்றைப் பற்றி நாம் யோசிப்பதே இல்லை. யோசிக்காமல் இருந்தவர்களில் நானும் ஒருத்தி.

முதலில் 'ஆளில்லாத தீவு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே, மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் கரைக்கு எதிரே கோத்து வைத்தாற்போல் கிடக்கின்றன. நிலையான குடியிருப்பு ஒன்றிலும் இல்லை. வரைபடத்தைப் பார்க்கிறவர்கள் 'ஆளில்லாதவை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். ஆனால் பெயர்களைக் கேளுங்கள்: முயல் தீவு, வாலைத் தீவு, தலையாரித் தீவு, ஆனைப்பார், காரைச்சல்லி, நல்லதண்ணித் தீவு, உப்புத்தண்ணித் தீவு. ஒரு தீவுக்கு நல்ல தண்ணீர் என்றும் அடுத்ததற்கு உப்புத் தண்ணீர் என்றும் பெயர் வைத்தவன், இறங்கி, மணலைத் தோண்டி, ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்க்காமலா வைத்திருப்பான்? சல்லி என்பது உடைந்த பவளத் துண்டு. பார் என்பது நீருக்குள் கிடக்கும் திட்டு. காலில் குத்தினால்தான் இந்தப் பெயர்கள் வரும்.

நம் ஆய்வகத்தில் பாலனோகிளாசஸ் என்ற புழு வடிவப் பிராணி சீசாவில் மிதந்துகொண்டிருப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். முதுகெலும்பற்றவைக்கும் முதுகெலும்புள்ளவைக்கும் இடையிலான உறவை விளக்க அதைப் படிக்கிறோம். அது கிடைக்கும் இடம் என்று நாம் தேர்வில் எழுதும் குருசடைத் தீவு, எங்கள் பக்கத்துத் தீவு. அத்தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றிச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1927-இலேயே தனி வெளியீடு ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறது. நான் அந்த வினாவுக்கு விடை எழுதி முழு மதிப்பெண் பெற்றேன். அந்தத் தீவைச் சுற்றி எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் என்று அறிந்த என் தாயாருக்கு அந்தப் பிராணியின் பெயர் தெரியாது. எனக்கு அந்த ஆழம் தெரியாது. படிப்பு எங்களுக்குள் இப்படி ஒரு பங்கு பிரித்து வைத்திருக்கிறது.

வேறு தீவுகளிலும் இதே கதைதான். லட்சத்தீவுகள் 36-இல் 10 தீவுகளில்தான் மக்கள் வாழ்கிறார்கள். மற்றவை யாருமற்றவை என்று நினைத்துவிடக் கூடாது. பங்காரம் தீவில் ஊர் இல்லை. ஆனால் அதன் தென்னைகளுக்கு உடைமைக்காரர்கள் அகத்தித் தீவில் இருக்கிறார்கள். பிட்டி என்ற மணல் திட்டில் ஒரு மரம்கூடக் கிடையாது; ஆலாப் பறவைகள் வெறும் மணலில் முட்டையிட்டு அடைகாக்கின்றன. ஒரு கரை காலியாகத் தெரிகிறது என்றால், அதற்கு உரியவர் அந்த நேரத்தில் அங்கே இல்லை என்பதுதான் பெரும்பாலும் பொருள்.

இனி என் தவறுக்கு வருகிறேன்.

முதலாம் ஆண்டுப் பொங்கல் விடுமுறையில் என் வகுப்புத் தோழியர் மூவர் எங்கள் ஊருக்கு வந்தார்கள். உள்நாட்டுப் பிள்ளைகள். கல்லூரிக்கு வந்த புதிதில் என் பேச்சையும், என் துணிமணியில் இருந்த மீன் வாடையையும் பற்றிச் சிரித்தவர்களும் அதில் அடக்கம். இப்போது அவர்களே "உங்க ஊர்ல யாரும் போகாத தீவு இருக்காமே" என்று கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமாவிடம் நாட்டுப்படகு இருந்தது. அவரை நச்சரித்தேன். "தீவுல கால் வைக்கக் கூடாது, தெரியும்ல?" என்றார். சும்மா சுற்றிக் காட்டினால் போதும் என்றேன். படித்த மருமகள் கேட்டதைத் தட்டமுடியாமல் ஒப்புக்கொண்டார்.

தை மாதத்தில் தென்கடல் குளம் போலக் கிடக்கும். எங்கள் பக்கம் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் பாக் நீரிணையைப் பெண்கடல் என்றும் சொல்வார்கள். அன்று ஆண்கடலும் அடங்கித்தான் இருந்தது. படகு தீவை நெருங்கியதும் நீர் பச்சையாகி, பிறகு கண்ணாடியாகி, அடியில் பவளம் தெரிந்தது. மாமா இயந்திரத்தை நிறுத்திக் கழியால் ஊன்றிக்கொண்டு வந்தார். முழங்கால் ஆழம் வந்ததுதான் தாமதம், ஒருத்தி குதித்துவிட்டாள். மாமா கத்தியது அவள் காதில் விழவில்லை. பவளத்தின் மேல் இரண்டு மூன்று அடி வைத்து, கால் கிழிந்து, அப்படியே கரையேறிக் கைகளை விரித்து நின்றாள். இன்னொருத்தி படகிலிருந்தே படம் எடுத்தாள். எல்லாம் ஐந்து நிமிடம்.

அன்றிரவே அந்தப் படம் இன்ஸ்டாகிராமில் ஏறியது. 'மனிதக் காலடி படாத கடற்கரை' என்று தலைப்பு. இடம் எது என்று வரைபடக் குறியும் போட்டிருந்தாள். எத்தனை பேர் விரும்பினார்கள் என்ற கணக்கை அவள் எனக்கு மணிக்கொரு தரம் காட்டினாள். நானும் பூரித்துப் போனேன். ஏன் மறைக்க வேண்டும்?

விடுமுறை முடியும் முன்பு அதை என் தாயாரிடம் காட்டினேன். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். தலைப்பை மெதுவாகப் படித்தார். பிறகு படத்தைப் பெரிதாக்கச் சொன்னார். என் தோழியின் பின்னால் ஒரு பூவரச மரம் சாய்ந்து நின்றது.

"இந்த மரத்தடியிலதான் எங்கம்மா சோறு பிரிச்சுக் குடுக்கும். பத்து வயசுல இருந்து இங்க பாசி காயப்போட்டிருக்கேன். ஏம்புள்ள, நாங்கள்லாம் மனுசரு இல்லையா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. சந்தேகம் கேட்பது போலக் கேட்டார். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

இத்துடன் முடிந்திருந்தால் இது வீட்டுக் கதை. மாசி மாதத்தில் வெளியூர்க் கார் ஒன்று எங்கள் ஊருக்கு வந்தது. கையில் அந்தப் படம். அந்த மரத்தடிக்குப் போக வேண்டுமாம். மாமா மறுத்துவிட்டார். பக்கத்து ஊர் இளைஞன் ஒருவன், வீட்டில் என்ன நெருக்கடியோ, அழைத்துப் போனான். ரோந்தில் பிடிபட்டார்கள். வந்தவர்கள் தங்கள் பங்கு அபராதத்தைக் கட்டிவிட்டு அன்று மாலையே காரில் ஏறிப் போய்விட்டார்கள். அவன் படகு வாரக்கணக்கில் கரையில் கிடந்தது. அவன் தங்கை நான் ஏறும் பேருந்தில்தான் பள்ளிக்குப் போகிறாள். அவளுக்கு அந்தப் படத்தின் கதை தெரியுமா தெரியாதா என்பதை நான் கேட்டறியவில்லை. கேட்கத் துணிவில்லை.

தனிமையைத் தேடிச் செல்கிறவர் செய்யும் தவறுக்குக் கரையில் இருப்பவர் விலை கொடுக்கிறார். இது எங்கள் ஊரோடு நிற்கும் செய்தியல்ல. அந்தமானில் வட சென்டினல் தீவு மக்கள் வெளியார் எவரும் வருவதை விரும்புவதில்லை. அத்தீவை நெருங்கச் சட்டமும் தடை விதித்திருக்கிறது. 2018 நவம்பரில் அமெரிக்க இளைஞர் ஒருவர் மீனவர்களுக்குப் பணம் கொடுத்து அங்கே போனார். அவர் உயிர் போயிற்று. கொண்டுபோய் விட்ட மீனவர்கள் கைதானார்கள். அந்தப் பாடம் போதவில்லை. 2025 மார்ச்சில் இன்னொரு அமெரிக்கர் தனியே படகில் போய், கரையில் ஒரு தேங்காயையும் குளிர்பான டப்பாவையும் வைத்துவிட்டு வந்து பிடிபட்டார். குளிர்பானத்தைக் காணிக்கையாக வைத்த மனநிலையை என்னென்பது! வெளியுலக நோய்களுக்கு எதிர்ப்புச் சக்தி இல்லாத ஒரு சிறு கூட்டத்துக்கு, தும்மல் ஒன்றே பெரும் ஆபத்தாகக் கூடும் என்பதை விலங்கியல் படிக்கும் நாமாவது அறிந்திருக்க வேண்டும். சில கரைகளுக்கு எவ்வளவு மரியாதையோடும் போக முடியாது. போகாமலிருப்பது ஒன்றுதான் அங்கே மரியாதை.

தாய்லாந்தின் மாயா விரிகுடாவைப் பற்றி என் அறைத்தோழிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பீ பீ லே என்ற தீவில், மூன்று பக்கமும் செங்குத்துப் பாறைகள் சூழ்ந்த சின்னஞ்சிறு மணற்கரை. 2000-இல் வெளிவந்த 'தி பீச்' என்ற ஆங்கிலப் படம் அங்கே எடுக்கப்பட்டது. யாரும் அறியாத கரையைத் தேடிப் போகும் இளைஞனின் கதை. படத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் யாரும் அறியாத அந்தக் கரைக்கே கிளம்பினார்கள். ஒரு நாளைக்கு ஐயாயிரம் பேர் வரை வந்து இறங்கினார்கள். படகுகளின் நங்கூரமும் மனிதக் கால்களும் பவளத்தை நொறுக்கின. 2018 சூனில் அந்நாட்டு அரசு அந்தக் கரையை மூடியது. பவளக் கன்றுகளைக் கொண்டுவந்து நட்டார்கள். ஆளரவம் அடங்கியதும் கருமுனைச் சுறாக்கள் ஆழமற்ற நீருக்குத் திரும்பி வந்தன. 2022 சனவரியில் மறுபடி திறந்தபோது, படகுகள் விரிகுடாவுக்குள் நுழையத் தடை. தீவின் பின்புறம் இறங்கி நடந்து வர வேண்டும். கடலில் நீந்தக் கூடாது. ஒரு நேரத்தில் இத்தனை பேர்தான் என்ற கணக்கு வேறு. ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலத்தில் இரண்டு மாதம் கரைக்கு ஓய்வு. இவ்வளவு கட்டுப்பாட்டுக்குப் பிறகும் அங்கே போகிறவர்கள் மகிழ்ச்சியாகத்தான் திரும்புகிறார்கள்.

இப்படிச் சொல்வதால் கரையோர மக்கள் எல்லாரும் புண்ணியவான்கள், கெடுப்பவர்கள் வெளியூர்க்காரர்கள் என்று நான் வழக்காட வரவில்லை. அது பொய். என் தாத்தா கல் எடுத்தவர். கடலுக்குள்ளிருந்து பவளக் கல்லை உடைத்துப் படகில் ஏற்றிச் சுண்ணாம்புக் காளவாய்க்கு விற்ற தலைமுறை அது. அந்தக் கல்தான் அலையின் வேகத்தைத் தணித்துத் தீவைத் தாங்கி நின்றது என்பதை வயிற்றுப்பாடு மறைத்துவிட்டது. தூத்துக்குடிப் பக்கம் விலாங்குச்சல்லியும், கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டியும் இன்று நீருக்குள் மூழ்கிக் கிடக்கின்றன. 21 தீவு என்று நாம் படிக்கிறோம். கண்ணுக்குத் தெரிவன அத்தனை இல்லை. 1986-இல் இந்தத் தீவுகள் கடல்வாழ் தேசியப் பூங்கா ஆயின. 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன; புலிக்குள்ள பாதுகாப்பு பவளத்துக்கும் வந்தது. 2004 திசம்பரில் ஆழிப்பேரலை வந்தபோதுதான் தீவுகளும் பவளப்பாரும் கரைக்கு எப்படிப்பட்ட அரண் என்பது எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கே உறைத்தது. வான் தீவு கரைந்துகொண்டே வந்ததைக் கண்டு, அதன் முன்னே செயற்கைத் தடுப்புகளை இறக்கிக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. சட்டம் தேவையில்லை என்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஆனால் ஒரு குறையைச் சொல்லத்தான் வேண்டும். படம் எடுக்க வருகிறவரும், விரலில் துணி சுற்றிக்கொண்டு, காலில் பழைய அலுமினியத் தட்டைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்கிப் பாசி பறிக்கும் பெண்ணும் தீவின் அருகே கண்டால் ஒரே வகைக் குற்றவாளிகளாகிவிடுகிறார்கள். இந்தப் பெண்கள் தங்களுக்குத் தாங்களே விதி வகுத்துக்கொண்டவர்கள். மாதத்தில் 12 நாட்கள்தான் இறங்குவது; அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்கள் அவை. கோடையில் பாசி பெருகும் காலத்தில் முழு ஓய்வு. இரும்புக் கருவியால் சுரண்டக் கூடாது. கையால்தான் பறிக்க வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டுக்காகச் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி என்ற பாசி எடுக்கும் பெண்மணிக்கு 2015-இல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு பரிசு வழங்கிச் சிறப்பித்தது. பசிபிக் பெருங்கடலில் பலாவ் என்ற சிறு தீவு நாடு இருக்கிறது. அங்கே மீன் முட்டையிடும் காலத்தில் ஊர்த் தலைவர்கள் பவளப்பாரை மூடி வைப்பது பழைய வழக்கம். 'பூல்' என்று அதற்குப் பெயர். அதே நாடு 2017 முதல், வருகிற ஒவ்வொரு பயணியின் கடவுச்சீட்டிலும் ஓர் உறுதிமொழியை அச்சிட்டுக் கையெழுத்து வாங்குகிறது. அந்த உறுதிமொழி பலாவின் குழந்தைகளை விளித்து எழுதப்பட்டது. பழைய கட்டுப்பாட்டை அங்கே அரசாங்கம் தன் கையில் எடுத்துக்கொண்டது. எங்கள் பெண்களின் கட்டுப்பாட்டை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

சரி, ஆசை இருக்கிறது, தீவுக்குப் போகத்தான் வேண்டும் என்றால் எப்படிப் போவது? நான் பட்ட பிறகு அறிந்ததைச் சொல்கிறேன். வரைபடத்தில் தேடுவதை விட்டுவிட்டு அந்தக் கரையின் மீன் இறங்குதுறைக்குப் போய்ப் பேசுவதுதான் முதல் வேலை. காலை ஏலம் முடிந்து வலை உலர்த்தும் நேரத்தில் போனால் பேசுவார்கள். எந்தத் தீவுக்கு அனுமதி உண்டு, எதற்கு இல்லை, எந்த மாதம் ஆமை ஏறும், எப்போது கடல் ஆகாது என்று அவர்களே சொல்வார்கள். எங்கள் பக்கம் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தென்கடலிலும், வாடைக் காலத்தில் வடகடலிலும் வெளியாரை ஏற்றிக்கொண்டு போக விவரமுள்ளவர் தயங்குவார். மன்னார் வளைகுடாத் தீவுகளில் கால் வைக்க வனத்துறையின் அனுமதி வேண்டும். லட்சத்தீவுகளுக்கு நம் நாட்டவரும் முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். இதெல்லாம் தொல்லை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அந்தத் தொல்லைதான் அக்கரையை இன்னும் கூட்டமில்லாமல் வைத்திருக்கிறது. தீவு வேண்டாம், அமைதி போதும் என்பவர்கள் காரங்காட்டுக்குப் போகலாம். பாக் நீரிணைக் கரையில் உள்ள அந்த ஊரில் ஊராரும் வனத்துறையும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள்.

போன பிறகு நடந்துகொள்ளும் முறை நம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. நாம் ஆசையோடு படுத்துப் புரளும் வெள்ளை மணலில் பெரும்பங்கு உயிர்களின் எச்சம். கிளிமீன் பவளத்தைக் கடித்து அரைத்துத் தின்று, மணலாகக் கழிக்கிறது; பெரிய கிளிமீன் ஒன்று ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான கிலோ மணலை உண்டாக்கும். (இதை வகுப்பில் கேட்ட அன்று என் தோழி மணலில் படுக்கும் ஆசையையே விட்டுவிடுவதாகச் சபதம் செய்தாள். ஒரு வாரம் தாங்கியது.) பாறைபோல் திரளும் பவள வகைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். என் தோழி வைத்த மூன்று அடியில் நொறுங்கியது எத்தனை ஆண்டு வளர்ச்சி என்று கணக்குப் போட்டேன். நாங்கள் இருவரும் பிறப்பதற்கு முன்பே தொடங்கியதாக இருக்கலாம். காலியான சங்கு, சிப்பிகளைப் பொறுக்கி வருவதில் என்ன கெடுதல் என்று கேட்பார்கள். துறவி நண்டுக்குச் சொந்த ஓடு கிடையாது. வளர வளர அது பெரிய சங்காகத் தேடிக் குடி மாற வேண்டும். நம் மேசையில் இருக்கும் சங்கு அது குடிபோக வேண்டிய வீடு. இரவில் கரையில் விளக்கு எரித்தால், முட்டையிலிருந்து வெளிவரும் ஆமைக் குஞ்சுகள் கடல் எது, விளக்கு எது என்று தெரியாமல் தரைப்பக்கம் ஊர்ந்துபோய்ச் சாகும். உடம்பில் பூசும் வெயில் தடுப்புக் களிம்பில் உள்ள ஆக்சிபென்சோன் போன்ற இரசாயனங்கள் பவளத்துக்குத் தீங்கு என்று கண்டு, பலாவ் 2020-இலும் ஹவாய் 2021-இலும் அவற்றுக்குத் தடை கொண்டுவந்தன. நம்மில் பலருக்கு இந்தக் கவலை இல்லை. முழுக்கைச் சட்டையும் தலையில் ஒரு துண்டும் போதும். எங்கள் அம்மாக்கள் பாசிக்கு இறங்கும்போது அணிவதும் சேலைக்கு மேல் ஆண்கள் சட்டைதான்.

இடக்குறியைப் பற்றி எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. படம் எடுங்கள், நண்பர்களுக்குக் காட்டுங்கள். எந்த இடம் என்ற குறியை மட்டும் போடாதீர்கள். கேட்பவரிடம் ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள். அவர் அந்த ஊருக்கு வந்து, அங்குள்ளவரிடம் கேட்டு, அவர்கள் சரியென்றால் போகட்டும். வழியில் ஒரு மனிதரின் முகத்தையாவது பார்க்க நேர்ந்தால், 'மனிதக் காலடி படாத' என்று எழுத அவருக்குக் கை வராது. என் தோழி அந்தப் படத்தை நீக்கிவிட்டாள். ஆனால் அதற்குள் பலர் எடுத்துத் தங்கள் பக்கங்களில் போட்டுவிட்டார்கள். அது இன்னும் எங்கோ சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

நம் துறையின் மதிப்பிற்குரிய ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். கல்விச் சுற்றுலா என்றால் மலைவாசத்தலமும் ஓர் உயிரியல் பூங்காவும் என்பது வழக்கமாகிவிட்டது. இந்த ஆண்டு முறையாக எழுதி அனுமதி பெற்று, ஒரு நாளைக்கு இருபது பேருக்கு மேற்படாமல், மன்னார் வளைகுடாத் தீவு ஒன்றுக்குப் போவோம். அனுமதி கிடைக்காவிட்டால் கரையிலேயே நின்று பார்ப்போம். ஓதம் வற்றிய கரையில் படிக்க எத்தனையோ இருக்கிறது. படகுக்கு ஊர்க்காரர்களையே முறை வைத்து அமர்த்துவோம். வழிகாட்டப் பாசி எடுக்கும் பெண்கள் இருவரை அழைத்து, அவர்களுக்கு ஒரு நாள் பாசி வருமானத்துக்குக் குறையாத கூலியைக் கொடுப்போம். மரிக்கொழுந்துப் பாசி எது, கட்டக்கோரை எது, கஞ்சிப்பாசி எது என்று நீருக்குள் கைவிட்டு எடுத்துக் காட்ட அவர்களால் முடியும். அவற்றின் இலத்தீன் பெயர்களை நாம் அவர்களுக்குச் சொல்லலாம், கேட்டுச் சிரிப்பார்கள்.

இந்த யோசனையைத் துறைத்தலைவரிடம் சொல்வதற்கு முன் அம்மாவிடம் சொன்னேன். "எந்த மாசம்?" என்று கேட்டார். பிப்ரவரி இரண்டாம் வாரம் என்றேன். விரல்விட்டு அமாவாசையை எண்ணினார்.

"அந்த வாரம் எங்களுக்கு வேலை இருக்கு. அதுக்கடுத்த வாரம் வரச் சொல்லு" என்றார்.